நகராட்சி மீன்

ஆற்று மட்டி கிலோ நாற்பது ரூபாய். சிப்பி ஓட்டை நீக்கினால் சதை கைப்பிடிதான் தேறும் என்பதால் வாத்து வளர்க்கிறவர்கள் முப்பதுக்குக் கேட்பார்கள். விற்கிறவரும் சலித்துக்கொண்டே முப்பத்திரண்டுக்குத் தள்ளிவிடுவார். அந்தக் கணக்குப்படி, சுப்பாத்தாள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீரின் மதிப்பு ஒரு டீ, ஒரு பன். பன்னுக்குச் சில்லறை குறைந்தாலும் குறையும்.

அந்தச் சீருக்கு முதலில் விலை கேட்டவர் அவளுடைய மாமனார். சந்தை சந்தையாகத் துணி மூட்டை சுமந்து விற்ற மனிதர். எதைக் கண்டாலும் கை தானாக எடை பார்க்கும். கல்யாண வேன் கருமத்தம்பட்டி வந்து நின்றபோது மணப்பெண் மடியில் ஈரத்துணி கட்டிய பித்தளைக் குடத்தைப் பார்த்து, உள்ளே நகைதான் என்று முடிவு செய்துவிட்டார்.

"அதுல என்னம்மணி?"

"மட்டிங்க மாமா."

"கறிக்கா?"

"இல்லீங்க. தண்ணித் தொட்டிக்கு. எங்கூட்டுல பொம்பளைப் புள்ளைகளுக்குக் குடுத்து உடுவாங்க."

மாமனார் குடத்தை வாங்கித் தூக்கிப் பார்த்தார். "கனம் நல்லாத்தான் இருக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, சம்பந்தி வீட்டாரைப் பற்றித் தன் மனதிலிருந்த மதிப்பில் ஒரு சைபரை அழித்தார்.

அவருடைய மகன் ஆறுச்சாமிக்கு அந்தக் குடத்தைப் பற்றி வேறு நினைவு. ஆனைமலையிலிருந்து கிளம்பியதிலிருந்து பள்ளம் மேடெல்லாம் குடம் குலுங்கிக்கொண்டே வந்தது. பொள்ளாச்சி தாண்டும்போது ஒரு பெரிய குலுக்கலில் குடத்துத் தண்ணீர் அவருடைய புதுப் பட்டு வேட்டியில் கொட்டியது. சுப்பாத்தாள் பதறி முந்தானையால் துடைத்தாள். வேன் முழுக்கச் சிரித்தது. பாசி வாசம் அடித்த அந்த வேட்டியோடுதான் அவர் சொந்த வீட்டு ஆரத்திக்கு நின்றார். வேட்டி கிழிந்து தறிக்கு எண்ணெய் துடைக்கும் துணியாகிப் பல வருடமாகிவிட்டது. வாசம் மட்டும் இன்னும் அவருக்கு ஞாபகத்தில் இருந்தது.

தொட்டி, சமையல்கட்டுக்கும் தறிச் சாலைக்கும் நடுவில் இருந்தது. நான்கு பக்கமும் பலகைக்கல், அடியில் ஒரு சாண் ஆற்று மணல். மட்டிகள் மணலில் பாதி புதைந்து, வாயை நூல் அளவு திறந்து வைத்துக்கொண்டு, நாளெல்லாம் தண்ணீரை இழுத்து விட்டுக்கொண்டிருக்கும். அடுத்த வீதியில் குழாய்த் தண்ணீர் பச்சைப் பாசி பிடித்துக் கிடக்கும்போது இவர்கள் தொட்டியில் அடிமணலை எண்ணலாம். ஆனால் அதற்குத் தறி நிற்க வேண்டும். பன்னிரண்டு விசைத்தறி ஓடினால் தரையே அதிரும், தண்ணீர் மேல் ஓயாமல் வளையம் ஓடிக்கொண்டிருக்கும், ஒன்றும் தெரியாது. மகள் கனிஷ்கா சின்னவளாக இருந்தபோது தொட்டி விளிம்பில் குப்புறப் படுத்துக் காத்திருப்பாள். மின்சாரம் போய்த் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்ததும் தண்ணீர் கண்ணாடியாகிவிடும். "அப்பா! கரண்டு போச்சு! மட்டி தெரியுது!" என்று அவள் கத்துவாள். மின்வெட்டுக்கு மகிழ்ந்த ஒரே தறிக்காரர் அந்த வட்டாரத்திலேயே ஆறுச்சாமியாகத்தான் இருக்க வேண்டும். கூலி போச்சே என்று வாய் புலம்ப, கால் தொட்டிப் பக்கம் போகும்.

மட்டிகள் எத்தனையோ வருடம் இருந்தன. குஞ்சு மட்டும் பொரிக்கவில்லை. செத்தது போக மிச்சம்தான். தை நோம்பிக்கு வரும்போதெல்லாம் சுப்பாத்தாளின் அண்ணன் லட்சுமணசாமி தங்கள் வீட்டோர வாய்க்காலில் இருந்து தூக்குவாளி நிறைய மட்டி கொண்டுவந்து ஈடுகட்டுவார். அந்தத் தண்ணீரோடு கெண்டைக் குஞ்சு நாலைந்தும் வந்துவிடும். சுப்பாத்தாள் டீ வடிகட்டியை எடுத்துவந்து, ஒன்று விடாமல் சலித்துப் பூனைக்குப் போட்டுவிட்டுத்தான் மட்டியைத் தொட்டியில் இறக்குவாள்.

"மீனு இருந்தா மட்டியைக் கொத்திப்போடுமுங்க. பாவம், அதுக்குக் கையா காலா, தொரத்தறதுக்கு?"

பிறகு வாய்க்காலுக்கு அடியும் பக்கமும் சிமென்ட் போட்டார்கள். தண்ணீர் விரசாகப் போனது. மட்டி போயே போய்விட்டது. அடுத்த தைக்கு லட்சுமணசாமி ஒரு வாழைத்தார் கொண்டுவந்தார். சுப்பாத்தாள் அண்ணனுக்கு அரிசிம்பருப்பு சாதம் போட்டு, நெய்யை வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகம் ஊற்றினாள். துக்க வீட்டு உபசாரம் மாதிரி இருந்தது.

கனிஷ்கா வீட்டை விட்டுப் போனபோது தொட்டியில் மூன்று மட்டிகள் மிச்சம்.

அவளுக்குச் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பக்கத்து மேசைக்காரன் எழில். பையன் நல்ல பையன் என்று ஊரே சொல்லும். ஆறுச்சாமியும் பெயர் சொல்லாமல் கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் எழிலின் தாத்தா, ஆறுச்சாமியின் தாத்தா தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர். வாசலுக்கு இந்தப் பக்கம் வராமலே ஒரு ஆயுசு வேலை செய்தவர். ஓர் ஆடி மாதம் இருவரும் பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டார்கள். சொந்தபந்தம், ஒறம்பரை முழுக்க வந்து கூடத்தில் உட்கார்ந்து, ஆறுச்சாமி என்ன செய்யப் போகிறார் என்று பார்த்தது. அவர் செய்தது ஒன்றுதான். எல்லோரும் பார்க்க மனைவியின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"இந்த ஊட்டுல இருந்து ஒரு உப்புக்கல்லு அங்க போகப்படாது. என்ற தலை மேல சத்தியம் பண்ணு."

சுப்பாத்தாள் செய்தாள். செய்ததைக் காப்பாற்றவும் செய்தாள்.

சத்தியத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ஆறுச்சாமி வியாபாரி, தெரியாமல் ஓட்டை வைக்கிறவர் அல்ல. பேச்சு சரக்கு இல்லை. சுப்பாத்தாள் தினமும் சாயங்காலம் பொழுதோட கைபேசியை எடுத்துக்கொண்டு தறிச் சாலைக்குள் போய் நிற்பாள். அந்தச் சத்தத்தில் அவள் கத்திப் பேசியாக வேண்டும். கத்தினால் வெளியில் ஈஸிசேரில் படுத்திருப்பவர் காதில் பாதியாவது விழும். "சளி பிடிச்சிருக்குதா? மொளவு ரசம் வெய்யி!" என்று கேட்டால் அன்று அவருக்கும் தொண்டை கரகரக்கும். ஆனால் ஒரு நாளும் போனை வாங்கவில்லை.

மட்டிப் பேச்சை மட்டும் சுப்பாத்தாள் விடவில்லை.

"ஏனுங்க, எங்கூட்டுப் பொண்ணு மட்டி இல்லாமக் குடித்தனம் போனதே கெடையாதுங்க. அந்த மூணுல ஒண்ணு..."

"உப்புக்கல்லே போகாதுன்னா மட்டி போகுமா?"

"மட்டி உப்பில்லீங்களே."

"கோர்ட்டுல வக்கீலா இருக்க வேண்டியவ. பொழப்பைக் கெடுத்துக்கிட்டு எனக்குச் சோறாக்கிட்டிருக்கற."

அதோடு பேச்சு முடியும். மூன்றில் ஒன்று போனால் இரண்டு; இரண்டும் எத்தனை நாள்? கொடுக்காமலே எல்லாம் செத்துப்போனால் அவள் அம்மாவிடம் இருந்து வந்தது அவளோடு முடிந்துபோகும். இதைச் சுப்பாத்தாள் சொல்லவில்லை. தொட்டியை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் மூச்சு விட்ட விதத்தில் ஆறுச்சாமி தெரிந்துகொண்டார்.

அடுத்த வருட ஐப்பசி மழையில் வீதிக்கு நாலு பேர் காய்ச்சலில் படுத்தார்கள். நகராட்சியிலிருந்து கொசு ஒழிப்பு ஆட்களை அனுப்பினார்கள். ஆறுச்சாமி வீட்டுக்கு வந்தவள் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, ஒரு கையில் டார்ச், மறு கையில் பிளாஸ்டிக் பாட்டில். அட்டையில் அன்புக்கரசி என்று இருந்தது.

"ஏனுங்ண்ணா, தொட்டி பாக்கோணுங்க."

"பாக்கறதுக்கு என்ன குடுப்ப?"

"வாங்கறதுதானுங்ண்ணா எங்க வழக்கம். புழு இருந்தா அபராதமுங்க."

"புழு இருந்தா அதுவே கட்டட்டும். எனக்கென்ன?"

அவள் சிரித்தபடியே உள்ளே வந்து டார்ச் அடித்தாள். "இருக்குதுங்க. நல்லாத் துள்ளுது பாருங்க. மருந்து ஊத்தட்டுங்களா, மீனு உடட்டுங்களா?"

சமையல்கட்டிலிருந்து சுப்பாத்தாள் ஓடிவந்தாள். "மருந்தா? ஐயோ, மட்டி செத்துப்போயிருமுங்க!"

"அப்போ மீனுங்க்கா. புழுவெல்லாம் தின்னுபோடும்." பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். கொத்தமல்லி விதைக்கு வாலும் கண்ணும் வைத்தது போல என்னவோ ஓடிக்கொண்டிருந்தன.

"மீனு மட்டியைக் கொத்துமே அம்மணி."

"இந்த வாய்க்கு உங்க மட்டியைக் கொத்தோணும்னா பல்லு செட்டு வாங்கோணுங்க்கா."

சுப்பாத்தாள் கணவரைப் பார்த்தாள். மருந்தா மீனா என்றால் மீன்தான். ஆனால் ஒரு சரக்கை, அது சும்மா கிடைத்தாலும், சொன்ன அளவுக்கே வாங்குவது ஆறுச்சாமியின் குடும்பத்துக்கு இழுக்கு.

"எத்தனை உடுவ?"

"இருபது உடோணுங்க."

"அஞ்சு உடு."

"இதென்ன கத்திரிக்காயாங்ண்ணா? ஆப்பீசர் கணக்குக் கேப்பாருங்க."

"இருபது மீனுக்கு எங்கூட்டுல எடமில்ல. ஆறு."

"பத்துங்க. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

"எட்டு. முடிச்சுக்க."

எட்டில் படிந்தது. ஆறுச்சாமி அன்று முழுக்க மகிழ்ச்சியாக இருந்தார். அந்த மீன் முட்டை போடாமல் நேரே குட்டியே போடும் என்பதும், மாதத்துக்கு ஒரு தரம் போடும் என்பதும் அவருக்குத் தெரியாது. தையில் தொட்டிக்குள் மணல் தெரியாத அளவுக்கு மீன். பேரத்தில் தோற்றது யார் என்று அன்புக்கரசி மாதம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு போவாள். போகிற வழியில் சமையல்கட்டு வாசலில் சுப்பாத்தாளோடு ஏதோ குசுகுசுப்பாள். ரேசன் விலை, காய்ச்சல் என்று ஆறுச்சாமி நினைத்துக்கொண்டார்.

மாசியில் வலையும் வாளியுமாக வந்தாள். "புது ஏரியாவுக்கு மீனு பத்தலீங்ண்ணா. உங்க தொட்டியில எச்சா இருக்குது. கொஞ்சம் அள்ளிக்கறேனுங்க."

ஒரு வலை அள்ளி, உள்ளங்கையில் ஒரு மீனை வைத்துப் பார்த்தவள் முகம் சுளித்தாள். வாலிலும் செவுளோரத்திலும் வெள்ளை வெள்ளையாகக் கடுகிலும் சிறிய புள்ளிகள். "அம்மை போட்டாப்பல இருக்குதுங்க்கா. சீக்கா என்னன்னு தெரியல."

"நல்லாத் துள்ளுதே கண்ணு. சீக்கு வந்தது இப்புடித் துள்ளுமா?"

"அதுஞ் செரி. காய்ச்சல் காலத்துல யாரு மீனுக்கு டாக்டர் தேடறது." வாளியில் போட்டாள்.

அவள் சுப்பாத்தாளிடம் குனிந்து ஏதோ சொல்ல, சுப்பாத்தாள் கண்ணைத் துடைப்பதைத் தறிச் சாலை ஜன்னல் வழியாக ஆறுச்சாமி பார்த்துவிட்டார். அன்புக்கரசி அடுத்த வாளி எடுக்க வாசலுக்குப் போனதும் வந்து கேட்டார்.

"ரேசன் வெலைக்கா அழுவற?"

சுப்பாத்தாள் பொய் சொல்லத் தெரியாதவள். "கனிஷ்காவுக்கு மேலுக்குச் சொகமில்லாம இருந்துச்சாமுங்க, போன்ல எங்கிட்ட மறைச்சுட்டா. இப்பத் தேவலையாம்."

"இவளுக்கு எப்புடித் தெரியும்?"

"இவ எழிலோட அக்காங்க."

தறி ஓடிக்கொண்டிருந்தது. ஆறுச்சாமிக்கு ஒரு கணம் அதுகூடக் கேட்கவில்லை. நாலைந்து மாதமாக வாசல் தாண்டி, கூடம் தாண்டி, தொட்டி வரை வந்து போகிறவள். அவளோடு அவர் சிரித்துச் சிரித்துப் பேரம் பேசியிருக்கிறார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே. கவருமெண்டு ஆளை வராதீங்கன்னு நாம சொல்ல முடியுங்களா?"

அவர் வாசல் பக்கம் திரும்பினார். வாளியோடு திரும்பி வந்தவளிடம் சொன்னார். "ஒண்ணு உடாம அள்ளிக்க. எல்லாத்தையும். உன்ற சரக்கு ஒண்ணும் எங்கூட்டுல தங்கப்படாது. இனி இந்தப் பக்கம் வேற ஆளை வரச் சொல்லு."

அன்புக்கரசிக்குப் புரிந்தது. சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் குனிந்து நின்று கடைசி மீன் வரைக்கும் அள்ளினாள். போகும்போது, "வாரேனுங்க" என்று மட்டும் சொன்னாள். அண்ணா இல்லை.

அவள் போனபிறகும் ஆறுச்சாமிக்கு ஆறவில்லை. அவள் கை பட்ட தொட்டி. மட்டிகளை ஒரு பக்கெட்டில் எடுத்து வைத்துவிட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் கல்லையும் மணலையும் தேய்தேய் என்று தானே தேய்த்தார். தறிக்காரப் பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள். நாலு தரம் அலசினார். புதுத் தண்ணீர் விட்டார். மட்டிகளைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

மூன்றாம் நாள் மூன்றும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

சுப்பாத்தாள் சண்டை போடவில்லை. ஓடுகளை எடுத்து எலுமிச்சை மரத்தடியில் வைத்தாள். தொட்டி மேல் ஒரு தகரத்தைப் போட்டு மூடினாள். அன்றிலிருந்து குழாயடியில் தண்ணீர் பிடித்தாள். சோறு நேரத்துக்கு வந்தது, கொள்ளுப் பருப்பில் உப்புக் காரம் சரியாக இருந்தது, வெந்நீர் காய்ந்தது. தொட்டியைப் பற்றி மட்டும், அப்படி ஒன்று வீட்டில் இல்லாதது போல நடந்துகொண்டாள். அவருக்கு அவள் அழுதிருந்தால் தேவலை.

வைகாசியில், பாவு நூல் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆனைமலைக்குப் பஸ் ஏறினார். மச்சினர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தென்னைகள் மட்டை தொங்கி நின்றன. லட்சுமணசாமி அவரை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனார். சிமென்ட் தரையில் தண்ணீர், வேலைக்கு நேரமானவன் போல ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி நின்று காலால் துழாவினார். மணல் இல்லை, சேறு இல்லை.

"மாப்ளே, இதுல மட்டி தேடறது தார் ரோட்டுல நண்டு தேடறாப்பல" என்றார் லட்சுமணசாமி. "வாங்க, சந்தகையும் தேங்காப்பாலும் ஆறிப்போயிரும்."

திரும்பும்போது அணைப் பக்கத்து மீன் கடையில் ஆற்று மட்டியைக் கூறு கட்டி வைத்திருந்தார்கள். உயிரோடுதான் இருந்தன. கிலோ நாற்பது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஆறுச்சாமி விலையைக் கேட்டு, குறைக்காமல், கொடுத்தார். கடைக்காரன் சந்தேகப்பட்டு நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து தகரத்தை விலக்கி, மட்டிகளைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

சுப்பாத்தாள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "எங்க வாங்குனீங்க?"

"உங்க ஊருதான். கிட்டத்துலதான்."

"எங்கம்மா குடுத்தது எங்க வாய்க்கால்லதுங்க. அவங்களுக்கு அவங்கம்மா குடுத்ததும் அதேதான்." மட்டியைத் திரும்ப வைத்தாள். "வெலைக்கு வாங்கினதை வெச்சு நான் என்ன பண்ணட்டுமுங்க? கொழம்பு வெக்கட்டுமா?"

வைத்தாள். சின்ன வெங்காயம் நிறையத் தட்டிப்போட்டு, தேங்காய் வறுத்து அரைத்து, மிளகு தூக்கலாக. மட்டிக் குழம்பு அந்த வீட்டுச் சமையல்கட்டில் அதற்குமுன் வைத்ததே இல்லை. அவர் முன்னால் இலையைப் போட்டுப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஆறுச்சாமி ரப்பர் மாதிரி இருந்த ஒவ்வொரு துண்டையும் மென்று முழுங்கினார். "இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டாள். சோற்றில் குழி பறித்தார். ஊற்றினாள்.

அடுத்த ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை வெடியால், பொழுது விடிந்ததுமே, தூறலில் யாரோ வாசல் கேட்டைத் தட்டினார்கள். அன்புக்கரசி. நீலக் கோட்டு இல்லை, சாதாரணச் சேலை. கையில் ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி. கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"இன்னிக்கு லீவுங்க. ஆப்பீஸ் வேலையா வரல. அக்காளைக் கூப்புடுங்க, இதைக் குடுத்துட்டுப் போயிர்றேன்."

"என்ன அது?" என்றார் ஆறுச்சாமி.

அதற்குள் சுப்பாத்தாள் வந்துவிட்டாள். அன்புக்கரசி மூடியைத் திறந்து கம்பி வழியாக நீட்டினாள். கலங்கல் தண்ணீர், அடியில் கொஞ்சம் சேறு. சுப்பாத்தாள் விரலை விட்டுத் துழாவினாள். முகம் மாறியது. உள்ளங்கையில் வைத்து வெளியே எடுத்தாள். புளியங்கொட்டை அளவுக்கு, ஓடு இன்னும் பச்சை மாறாத ஒரு மட்டி. சித்த நேரம் சும்மா கிடந்துவிட்டு, வெள்ளை நாக்கு மாதிரி ஒன்றை மெல்ல வெளியே நீட்டியது.

"எங்கடி கண்ணு இது?" என்று கையைக் கம்பிப் பக்கம் நீட்டினாள் சுப்பாத்தாள்.

"சரவணம்பட்டியிலீங்க்கா. எழிலு மாடியில அல்லிப்பூத் தொட்டி வெச்சிருக்கறான். அதுல கொசு எறங்குதுன்னு கனிஷ்கா சொன்னா. நான் மாசியில இங்கிருந்து அள்ளிட்டுப் போன மீனுல கொஞ்சம் மிச்சமிருந்துச்சு, அதைக் கொண்டுபோய் உட்டேன். அவ்வளவுதான் நான் பண்ணுனது. போன வாரம் சேறு மாத்தலாம்னு தொட்டியைக் கவுத்தா, இதாட்டம் பத்து கெடக்குது. கனிஷ்கா பாத்ததும் ஒக்காந்துட்டாளுங்க. அழுகறா, சிரிக்கறா, எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல."

"மட்டி எப்புடி அங்க போகும்?" என்றார் ஆறுச்சாமி.

"நாங்களும் அதேதான் கேட்டோமுங்க. அவ போன்ல தேடிப் படிச்சுச் சொன்னா. மட்டி தன் குஞ்சைத் தானே வளக்காதாம். கண்ணுக்குத் தெரியாத பொடிசா தண்ணியில உட்டுருமாம். அது மீனு வால்லயும் செவுள்லயும் தொத்திக்குமாம். கொஞ்ச நாளு மீனு சொமந்துட்டுத் திரியுமாம், அதுக்கே தெரியாதாம். பொறகு எங்க சேறு வாட்டமா இருக்குதோ, அங்க எறங்கிக்குமாம். மீனே இல்லாட்டி அத்தனையும் செத்துத்தான் போகுமாம். நான் அம்மைன்னு சொன்னனே, ஞாபகமுங்களா? அது அம்மையில்ல. அதுதான் குஞ்சு."

சுப்பாத்தாள் கணவரைப் பார்க்காமல் சொன்னாள். "நான் வருசா வருசம் மீனைச் சலிச்சுப் பூனைக்குப் போட்டேன்."

ஆறுச்சாமி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மாசியில் அள்ளிய மீன். 'கொஞ்சம் அள்ளிக்கறேன்' என்று கேட்டவளை, 'ஒண்ணு உடாம அள்ளிக்க' என்று விரட்டியது அவர். அவள் கொஞ்சமாக அள்ளியிருந்தால் மிச்சமே இருந்திருக்காது, அல்லித் தொட்டிக்குப் போயிருக்காது. விட்டுவைத்த மீன்களும் பிளீச்சிங் பவுடரில் செத்திருக்கும். கோபத்தில் செய்ததில் அது ஒன்றுதான் உருப்பட்டிருந்தது.

"அப்போ சத்தியம்?" என்றார், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"நான் ஒண்ணும் குடுத்து உடலீங்க" என்றாள் சுப்பாத்தாள். "மீனு நகராட்சியோடது. அள்ளச் சொன்னது நீங்க."

கேட்டுக்கு அந்தப் பக்கம் அன்புக்கரசி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறுச்சாமி அவளைப் பார்த்தார். தூறலில் தோள் நனைந்திருந்தது.

"என்னம்மா, மழையில நின்னுக்கிட்டு. உள்ள வா."

"இருக்கட்டுங்க. நான் போகோணுங்க. போசியைக் குடுத்தீங்கன்னா கெளம்பிருவேன்."

சுப்பாத்தாள் மட்டிகளைத் தொட்டிக்குக் கொண்டுபோனாள். தகரத்தை இழுத்துப் போட்ட சத்தம் கேட்டது. ஐந்து. கனிஷ்கா கிடைத்ததில் பாதியைத் தான் வைத்துக்கொண்டு பாதியைக் கொடுத்துவிட்டிருந்தாள். போசியைக் கழுவிக்கொண்டு திரும்பிவந்த சுப்பாத்தாள், கேட்டுக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டாள்.

ஏன் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. பலகாரமோ பழமோ வந்த போசியை வெறுமனே திருப்பிக் கொடுப்பது எந்த வீட்டிலும் இல்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி அரிசி, இரண்டு வெங்காயம். அதுவும் இல்லாவிட்டால் ஒரு கல் உப்பாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். உப்புதான் போகக்கூடாது என்று தலை மேல் கை வைத்தாயிற்று. சுப்பாத்தாள் வெறும் போசியைக் கொடுக்கவும் மாட்டாள், சத்தியத்தை மீறவும் மாட்டாள். தொட்டியில் மட்டி வந்தபிறகும் அவள் அப்படியேதான் இருந்தாள். தூறலில் போசியின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

ஆறுச்சாமி கை நீட்டிப் போசியை வாங்கினார். பழக்க தோசத்தில் கை எடை பார்த்தது. கழுத்தோரம் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. ஆ. கனிஷ்கா. கல்யாணப் பாத்திரத்தில் பெயர் வெட்டிக்கொடுக்க ஆளில்லாமல் தானே கடையில் வாங்கி, தானே வெட்டச் சொல்லியிருப்பாள். கடைக்காரன் முன்னெழுத்து கேட்டிருப்பான்.

"போசி இங்கயே இருக்கட்டும்" என்றார்.

"ஐயோ, அவ கேப்பாளுங்ண்ணா."

"கேக்கட்டும். கொண்டாந்து குடுக்கறோம்னு சொல்லு."

"யாருங்க கொண்டார்றது?"

"ஏன், எங்களுக்குக் காலில்லையா? நாளைக்கு ஞாயித்துக்கெழமைதான? பகல்ல ஊட்டுல இருப்பாங்களா?"

அன்புக்கரசி தலையை வேகமாக ஆட்டினாள். சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துக்கொண்டு தூறலில் விரசாக நடந்தாள். வீதி முனையில் கைபேசியைக் காதில் வைப்பது தெரிந்தது.

பொழுதோட தறிகளை நிறுத்திவிட்டு இருவரும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். போசி நடுவில் இருந்தது. அதில் என்ன போட்டுக் கொண்டுபோவது என்று மத்தியானத்திலிருந்து நடந்த பேரம் இன்னும் படியவில்லை. கச்சாயம் சுடலாம் என்றாள் அவள்; பத்தாது என்றார் அவர். பட்டுச்சேலை என்றார், போசியில் அடங்காது என்றாள்.

"செரி, கணக்கைப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்று விரலை மடக்கினார். "வந்தது மட்டி அஞ்சு. போசி ஒண்ணு. போனது ஒண்ணுமில்லை. மீனு சேராது, அது நகராட்சியோடது."

"ரண்டு வருசமுங்க" என்றாள் சுப்பாத்தாள். "அதையும் சேருங்க."

சேர்த்தார். பாக்கி அவர் பக்கம்தான் நின்றது.